கதவைத் தாழ்போட்ட பிறகு: பெண்கள் எழுதிய திகில் கதைகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

நம் ஊர்ப் பேய்க்கதைகளில் பேய் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். புளியமரம், பாழுங்கிணறு, சுடுகாட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. எப்படியாவது ஓடிவந்து வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழ்போட்டுவிட்டால் பிழைத்தோம். பெண்கள் எழுதிய திகில் கதைகளில் பல இடங்களில் இந்த ஏற்பாடு தலைகீழ். தாழ்போட்ட பிறகுதான் அங்கே கதையே ஆரம்பிக்கிறது.

இது தெரியாமல் நுழைபவர்கள் பேய் எப்போது வரும் என்று காத்திருந்து, நாற்பதாவது பக்கத்தில் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், இந்தப் பக்கமே வராதவர்களுக்காகவும் ஒரு வாசிப்பு வரிசை போட்டிருக்கிறேன். வரிசை என் ரசனைப்படி அமைந்தது, நீங்கள் கலைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்தால் போதும். எந்தக் கதையின் முடிவையும் இங்கே சொல்லவில்லை.

1. நாவலை ஓரமாக வையுங்கள், ஒரு சிறுகதை போதும்

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’யில் தொடங்குங்கள். படித்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. மொழி எளிமையானது, அகராதி அநேகமாகத் தேவைப்படாது. அமெரிக்கக் கிராமம் ஒன்று, ஜூன் மாதக் காலை, நல்ல வெயில். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கொருமுறை நடக்கும் குலுக்கலுக்காகப் பொது இடத்தில் கூடுகிறார்கள். டிராக்டர், வரி, மழை என்று ஊர்ப்பேச்சு. அவ்வளவுதான் கதை என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்.

இது 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. அந்தக் கோடையில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. பலவற்றில் வசவு. சிலர் மட்டும் இப்படிப்பட்ட சடங்கு எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்திருந்தார்கள். ஜாக்சன் இதைப் பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். கதையைவிட இந்தக் கடிதங்கள்தான் எனக்கு அதிக பயத்தைத் தருகின்றன.

முடித்ததும் உடனே மறுபடி முதல் வரியிலிருந்து படியுங்கள், அதே நாளில். முதல் சில பத்திகளில் சிறுவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை இந்த முறை விடாமல் கவனியுங்கள். முதல் வாசிப்பில் கண்ணெதிரே இருந்தும் படாத விஷயம் அது. திகிலை ஒளித்துவைக்காமல் திறந்தவெளியில் வைத்துவிட்டு, நம்மைப் பார்க்காமல் கடந்துபோக வைப்பது ஜாக்சனின் கைத்திறன். அது பிடிபட்டுவிட்டால் இந்த வரிசையில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

2. நாலாவது அச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்

அச்சம் எதனால் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றையும் வைத்து யார் வேண்டுமானாலும் திகில் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். நாலாவதில் வருவது நம்மை ஆள்பவர் மீது நமக்கிருக்கும் பயம். பெண்கள் எழுதியவற்றில் அணங்கு வந்தாலும் அதன் முதுகுக்குப் பின்னால் இந்த நாலாவது ஆள் நிற்பதைப் பார்க்கலாம். அங்கே அவர் அரசராக இருக்கவேண்டியதில்லை. கணவர், அப்பா, மருத்துவர், சில சமயம் ஊர்.

எனவே இரண்டு கேள்விகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். இந்த வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள்? யார் சொல்வதை யார் நம்பவில்லை?

இந்தத் தாளோடு படிக்கவேண்டிய முதல் கதை, சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892இல் வெளியான ‘தி யெல்லோ வால்பேப்பர்’. குழந்தை பெற்று மனம் சோர்ந்திருக்கும் ஒரு பெண். கணவன் ஜான் மருத்துவன். கோடைக்கு வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையில், மாடியில் கம்பி போட்ட ஜன்னல்களுள்ள ஓர் அறையில் அவளை ஓய்வெடுக்கச் சொல்கிறான். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது, அலட்டிக்கொள்ளக் கூடாது. அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் காகிதத்தின் கோலம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கணவனுக்குத் தெரியாமல் எழுதும் குறிப்புகள்தான் கதை.

ஜான் கொடுமைக்காரன் கிடையாது, இதை மறந்துவிடாதீர்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, கொஞ்சித்தான் பேசுகிறான். ஒரு பயிற்சி செய்யுங்கள்: அவள் ஏதாவது கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கீழ்த்தள அறை கேட்கிறாள், காகிதத்தை மாற்றச் சொல்கிறாள், உறவினரைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறாள், ஊருக்கே திரும்பிவிடலாம் என்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அவன் சொல்லும் பதிலை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பேய் எங்கே என்ற கேள்வியே அப்புறம் எழாது.

கில்மனுக்கே நடந்தது இது. பிரசவத்துக்குப் பிறகு நீண்டநாள் மனச்சோர்வில் இருந்தவருக்கு 1887இல் வியர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஓய்வுச் சிகிச்சை கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பியபின் கூடுமானவரை இல்லறத்திலேயே இரு, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் மூளைக்கு வேலை வைக்காதே, ஆயுள் முழுக்கப் பேனாவையோ தூரிகையையோ தொடாதே என்று சொல்லி அனுப்பினார். அந்த அறிவுரையைக் கடைப்பிடித்துக் கிட்டத்தட்டப் பைத்தியத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியதாகக் கில்மன் 1913இல் எழுதினார். கதையை முதலில் பார்த்த ‘அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர், படித்ததில் தனக்கு நேர்ந்த வேதனையை மற்றவர்களுக்கும் கொடுத்தால் தன்னை மன்னிக்கவே முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒரு திகில் கதைக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்காது.

அந்தச் சுவருக்குப் பின்னால் நிஜமாகவே ஏதோ இருந்ததா, நோயின் தோற்றமா? இரண்டுக்கும் கதையில் இடமிருக்கிறது. தீர்ப்பு எழுத அவசரப்படாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் தாங்கிக்கொண்டிருப்பது இந்த வகை வாசிப்புக்கு வேண்டிய பழக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

3. இல்லை, எனக்குப் பேயே வேண்டும் என்றால்

அதுவும் நியாயமான ஆசை. எலிசபெத் காஸ்கெல்லின் ‘தி ஓல்ட் நர்ஸ்’ஸ் ஸ்டோரி’ படியுங்கள். 1852இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழின் கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. வயதான ஆயா ஒருத்தி தான் வளர்த்த பெண்ணின் குழந்தைகளை உட்காரவைத்து, உங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது என்று சொல்லும் கதை. ஆச்சியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் உடனே பழகிவிடும். பனி கொட்டும் வெளியில் ஒரு குழந்தை நிற்கிறது, ஆளில்லாத இடத்தில் இசைக்கருவி ஒலிக்கிறது, எல்லாம் உண்டு. கடைசியில் தோன்றும் உருவங்கள் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரிவதாக மாற்றச் சொல்லி டிக்கன்ஸ் வற்புறுத்தினார். காஸ்கெல் மாற்றவில்லை. அந்த வீட்டில் பழைய பாவத்துக்கு உடந்தையாக இருந்தவர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால் அவர் செய்ததே சரி.

4. இப்போது ஒரு வீட்டுக்குள் போகலாம்

முதல் நாவலாக ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நல்லது. 1959இல் வந்தது, அளவில் சிறியது. பேய் ஆராய்ச்சி செய்யும் ஒரு முனைவர் பொல்லாத பெயரெடுத்த மாளிகையில் தங்கிப் பார்க்கச் சிலரை அழைக்கிறார். வருபவர்களில் எலினருக்கு வயது 32. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவள். அம்மா இறந்தபின் அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டில் போட்டுத் தூங்குகிறாள். தனக்கும் பாதிப் பங்குள்ள காரை எடுக்கக்கூட அக்காவிடம் கெஞ்சவேண்டிய நிலைமை. பேய் வீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் அவளுக்கு வருவது சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவளை எங்கோ அழைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அக்காவையோ சித்தியையோ நம் குடும்பங்களில் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. அதனால்தான் நாவலின் தொடக்கத்தில் வரும் கார் பயணத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்கிறேன். வழியில் தெரியும் ஒவ்வொரு வீட்டிலும் தான் குடியிருப்பதாக அவள் கற்பனை செய்துகொண்டே போகிறாள். பேயைத் தேடும் வாசகருக்கு இது வெட்டிப் பக்கங்களாகத் தோன்றும். ஆனால் அந்த வீட்டுக்கு எலினரிடம் எது தேவை, எலினருக்கு அந்த வீட்டிடம் எது தேவை என்பதெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பிற்பாடு இரவில் கதவு தட்டப்படும்போது, அரைத்தூக்கத்தில் அவள் முதலில் யாருக்குப் பதில் சொல்கிறாள் என்று பாருங்கள். ஒரே வரிதான், தவறவிட்டுவிடாதீர்கள்.

2018இல் இதே பெயரில் வந்த இணையத்தொடரைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைக்கவேண்டாம். பெயர்களையும் சில காட்சிகளையும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்கிற தொடர் அது. 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நாவலுக்கு மிக அருகில் நிற்கிறது. எப்படியிருந்தாலும் புத்தகம் முதலில், படம் அப்புறம்.

5. ஹிட்ச்காக்கைத் தெரியும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி

படம் பார்த்துப் பழகியவர்கள் டாப்னி டு மாரியரின் ‘தி பேர்ட்ஸ்’ஸிலிருந்தும் வரலாம். 1963இல் இயக்குநர் ஹிட்ச்காக் எடுத்த படம் கலிபோர்னியாவில் நடக்கிறது, நல்ல உடை போட்ட கதாநாயகி உண்டு. 1952இல் வந்த மூலக்கதையில் அதெல்லாம் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை, போரில் உடல் ஊனமுற்ற ஒரு பண்ணைத் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள், பலகை அடித்த ஜன்னல்கள், ஒரு வானொலிப் பெட்டி. வான்வழிக் குண்டுவீச்சை அனுபவித்த நாட்டில், போர் முடிந்து ஏழு ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். பறவைகளைவிட அந்த வானொலி என்ன சொல்கிறது, எப்போது சொல்லாமல் போகிறது என்பதைக் கவனித்தால் நாலாவது அச்சம் இங்கேயும் தட்டுப்படும். ஆள்பவர்கள் கைவிட்டுவிட்டால் வரும் பயம் அது.

6. பிராங்கன்ஸ்டைனை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம்

வரலாற்றின்படி மேரி ஷெல்லிதான் முதலில் வந்திருக்கவேண்டும். ஆனால் ‘பிராங்கன்ஸ்டை’னின் வாக்கியங்கள் நீளமானவை, தொடக்கத்தில் வடதுருவப் பயணம் போகும் ஒருவர் எழுதும் நான்கு கடிதங்களைத் தாண்டவேண்டும். புதியவர்கள் பலர் அங்கேயே கரையேறிவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கதைகளில் பழகிவிட்டு வந்தால் சிரமம் தெரியாது.

சினிமாவை மறந்துவிட்டுப் போங்கள். பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தக் கோர உருவத்தைப் படைத்தவனின் பெயர், படைக்கப்பட்ட உயிருக்குக் கடைசிவரை பெயரே இல்லை. அது ஊமையுமில்லை. 1831 பதிப்பில் 11ஆம் அத்தியாயத்தில் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பிக்கிறது. கண்விழித்த கணத்தில் படைத்தவன் தன்னை விட்டு ஓடிவிட்டதை, ஒரு குடும்பத்தை மறைந்திருந்து பார்த்துப் பேசக் கற்றதை அது சொல்லும் அத்தியாயங்கள்தான் புத்தகத்தின் இதயம். கடிதங்களில் தடுக்கினால் நேராக அங்கே போய்ப் படித்துவிட்டு முதலுக்குத் திரும்பி வாருங்கள், குற்றமில்லை.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துச் சிதறியதில் கிளம்பிய தூசு அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் கோடையையே கெடுத்தது. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். மேரிக்கு அப்போது வயது 18. இந்தச் சம்பவத்தை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முந்தைய ஆண்டில் அவர் நாட்குறிப்பில் எழுதிய ஒரு கனவு. பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோன தன் குழந்தை மறுபடி உயிர்பெற்றதாக, அது குளிர்ந்துதான் போயிருந்தது, தீயருகில் வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டதாகக் கண்ட கனவு. மேரியைப் பெற்ற தாயும் பிரசவம் முடிந்த சில நாட்களில் இறந்தவர். உயிரை உண்டாக்குவதையும் சாவையும் ஒரே படுக்கையில் பார்த்த பெண் எழுதிய நாவல் என்று தெரிந்தபின், அந்த ஆய்வுக்கூடக் காட்சி வேறு மாதிரிப் படிக்கக் கிடைக்கும். 1818 ஜனவரியில் 500 பிரதிகள் அச்சானபோது ஆசிரியர் பெயர் போடவில்லை. மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட், மேரியின் கணவர் எழுதியது என்றே நினைத்துக்கொண்டார்.

இந்த நாவலும் கில்மன், காஸ்கெல் கதைகளும் காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

7. ஆங்கிலத்துக்கு வெளியே

இன்றைக்கு என்னை மிகவும் பயமுறுத்துபவர்கள் அர்ஜென்டினாவிலும் கொரியாவிலும் இருக்கிறார்கள். மரியானா என்ரிக்கேஸின் சிறுவயது கழிந்தது அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சிக் காலத்தில் (1976–83). ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் தடயமில்லாமல் ஆக்கிய ஆட்சி அது. அவர் கதைகளில் ஆவிகளுக்குப் பஞ்சமில்லாததில் ஆச்சரியம் என்ன? ‘திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்’ தொகுப்பின் தலைப்புக் கதையில், கணவர்களாலும் காதலர்களாலும் எரிக்கப்பட்ட பெண்களைப் பார்த்து மற்ற பெண்கள் ஒரு முடிவெடுக்கிறார்கள். ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்ற செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கதை வெளியூர்க் கதையாகவே இருக்காது.

அதே நாட்டின் சமந்தா ஷ்வெப்ளின் எழுதிய ‘ஃபீவர் ட்ரீம்’ குறுநாவலை ஒரே மூச்சில் படியுங்கள், இடையில் வைத்தால் பிடி நழுவிவிடும். மருத்துவமனைப் படுக்கையில் ஒரு தாய், பக்கத்தில் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டேயிருக்கும் யாரோ ஒரு பையன். பிள்ளைக்கு ஆபத்து வந்தால் எத்தனை நொடியில் ஓடிப்போய்ப் பிடிக்கமுடியும் என்று சதா அளந்துகொண்டேயிருக்கும் தாய் மனம்தான் கதையின் முள். சோயா வயல்களில் தெளிக்கும் விஷம் பின்னணியில் ஓடுகிறது.

ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ தமிழில் ‘மரக்கறி’யாக வந்திருக்கிறது. 2024இல் நோபல் பெற்றவர் என்பதால் கடைக்காரர்கள் இதைத் திகில் அடுக்கில் வைக்கமாட்டார்கள். நான் வைப்பேன். ஒரு கனவு கண்டு கறி தின்பதை நிறுத்திவிடுகிறாள் ஒருத்தி. கணவன், அக்காவின் கணவன், அக்கா என்று மூன்று பேரைச் சுற்றி மூன்று பகுதிகள். அவள் வாயால் வருவது கனவுத் துணுக்குகள் மட்டும். உங்கள் துண்டுத்தாளின் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு பொருத்தமான நாவல் வேறில்லை. இன்னொரு கொரியரான போரா சங்கின் ‘கர்ஸ்ட் பன்னி’ தொகுப்பைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். முதல் கதையில் கழிவறைத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்து ‘அம்மா’ என்று கூப்பிடும்.

8. எங்கே நிறுத்துவது

பயத்துக்கும் அருவருப்புக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் உடம்பே சொல்லும். ‘உடால்ஃபோ’ நாவலால் 1790களில் பெரும் புகழ் பெற்ற ஆன் ராட்கிளிஃப் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். தெளிவில்லாத ஒன்றை எதிர்பார்த்து வரும் அச்சம் மனதை விரித்து விழிக்கவைக்கும், கண்ணெதிரே வந்துவிட்ட கோரம் மனதைச் சுருக்கி உறையவைக்கும் என்பது அவர் கணக்கு. முதல் வகை உங்களுக்குப் போதுமென்றால் ஜாக்சனோடும் டு மாரியரோடும் இருங்கள். என்ரிக்கேஸும் போரா சங்கும் இரண்டாவதையும் தாராளமாகக் கொடுப்பவர்கள்.

கருச்சிதைவு, குழந்தை மரணம், வீட்டு வன்முறை எல்லாம் இந்தக் கதைகளில் அடிக்கடி வரும். சமீபத்தில் அப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் அந்தக் கதைகளை ஒத்திப்போடுங்கள், அவை எங்கும் ஓடிவிடாது. டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’டை (1987) இந்தக் காரணத்துக்காகவே யாருக்கும் முதல் புத்தகமாகப் பரிந்துரைப்பதில்லை. அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடி, 1856இல் பிடிபடும் தறுவாயில் தன் மகளைத் தானே கொன்ற மார்கரெட் கார்னரின் வழக்கிலிருந்து முளைத்த நாவல். மகத்தான ஆவிக்கதை. மெதுவாகத்தான் படிக்கமுடியும்.

9. திரும்பிவந்து நீலியைப் படியுங்கள்

இவ்வளவு தூரம் வந்தபின் நமக்குத் தெரிந்த ஒரு கதையில் அதே தாளை வைத்துப் பார்க்கலாம். பழையனூர் நீலி கதையில், கணவன் கையால் கொலையுண்டவள் பேயாக வந்து, கையில் குழந்தையோடு ஊர்ச்சபையில் நின்று நியாயம் கேட்கிறாள். இவள் என் மனைவியல்ல, பேய் என்று அவன் கதறுகிறான். சபை அவளை நம்புகிறது, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உயிரைப் பணயம் வைத்து வாக்கும் கொடுக்கிறது. மறுநாள் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். பெண்ணின் பேச்சைச் சபை நம்பிவிட்டதைத்தான் கதை பெரிய ஆபத்தாகக் காட்டுகிறது. அவளை முதலில் கொன்றது யார் என்பது ஓரத்துக்குப் போய்விடுகிறது. இதையே நீலியின் வாயிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எங்கே தொடங்குவீர்கள், கொலையிலா, கல்யாணத்திலா?

அந்தப் பழையனூரை ஒட்டியதுதான் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தன்னைப் ‘பேய்’ என்றே சொல்லிக்கொண்டு பாடிய தலம். வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாகச் சுடுகாட்டில் அலறும் பெண்பேயை அவர் மூத்த திருப்பதிகத்தில் வர்ணிப்பதைத் திகில் இலக்கியம் என்று நான் சொல்லமாட்டேன், அது பக்தி. ஆனாலும் ஒரு பெண் பேயின் உடம்பைக் கூச்சமில்லாமல் இவ்வளவு அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறாள் என்பதற்காக ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.

10. அடுத்து எதை வாங்குவது

2007ஆம் ஆண்டின் படைப்புகளிலிருந்து ஷெர்லி ஜாக்சன் பெயரில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். ஆண், பெண் இருபாலரும் இடம்பெறும் பட்டியல்தான், அதில் பெண்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புகளுக்கு இன்டர்நேஷனல் புக்கர் விருதின் குறும்பட்டியலைப் பாருங்கள். மேலே சொன்ன நான்கு அர்ஜென்டின, கொரிய எழுத்தாளர்களும் அதில் வந்தவர்கள்தான். நீண்ட நாவலுக்கு நேரமில்லை என்பவர்களுக்கு ஜாக்சன் விருதில் ஓர் ஆசிரியரின் சிறுகதைத் தொகுப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, மூன்று கதை படித்தும் பிடிக்கவில்லையென்றால் கூச்சப்படாமல் அடுத்த தொகுப்புக்குப் போய்விடுங்கள்.